செத்த காலேஜும் ஒரு புலிக்கூண்டும்

சென்னையில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது ‘செத்த காலேஜ்’ என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று சிரித்துவிடுவார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கினால் காலையில் உயிர் காலேஜ், மத்தியானம் ஏதாவது மரத்தடியில் கட்டுச்சோறு, அப்புறம் செத்த காலேஜ், சாயங்காலம் பீச்சில் சுண்டல். மெட்ராஸைச் சுற்றிப் பார்ப்பது என்றால் அவ்வளவுதான். உள்ளே போனால் பஞ்சு அடைத்த பறவைகள், கம்பியில் கோத்த எலும்புக்கூடு, மஞ்சளாகிப்போன திரவத்தில் மிதக்கும் பாம்பு. வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

‘செத்த’ புரிகிறது, ‘காலேஜ்’ எங்கிருந்து வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்த வெள்ளைக்கார இளைஞர்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுக்க எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1812-ல் ஒரு கல்லூரி தொடங்கினார், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று பெயர். 1851-ல் அருங்காட்சியகம் ஆரம்பித்தது அந்தக் கல்லூரிக் கட்டிடத்தின் மாடியில்தான். நுங்கம்பாக்கத்தில் அந்தத் தெரு இன்றைக்கும் கல்லூரிச் சாலைதான். மூன்று வருஷத்தில் அருங்காட்சியகம் எழும்பூருக்குப் போய்விட்டது, ஆனால் ஜனங்கள் வாயில் காலேஜ் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள்.

பலருக்குத் தெரியாத சங்கதி, இந்த இரண்டு காலேஜும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜின் முற்றத்தில்.

கதை இப்படி. 1846-ல் மெட்ராஸ் இலக்கியச் சங்கம் ஒரு அருங்காட்சியகம் வேண்டும் என்று கம்பெனிக்கு மனுப் போட்டு, இழுத்தடித்து, கடைசியில் அனுமதி வாங்கியது. பொறுப்பு எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவரிடம் போனது. கையில் இருந்தது சுமார் 1,100 கனிமப் பாறை மாதிரிகள். கல். அதுவும் சிற்பம் செதுக்கிய கல்லாக இருந்தால்கூடப் பரவாயில்லை, வெறும் பாறைத் துண்டுகள். இதைப் பார்க்க யார் வருவார்? 1854 கடைசியில் பாந்தியன் என்ற கட்டிடத்துக்கு மாறினார்கள். வெள்ளைக்காரத் துரைமார்கள் நடனமும் விருந்துமாகப் பொழுதைக் கழித்த இடம் அது, பாந்தியன் சாலைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். அங்கே பால்ஃபர் ஒரு காரியம் செய்தார். உயிரோடு ஒரு புலியையும் ஒரு சிறுத்தைக் குட்டியையும் கொண்டுவந்து வளாகத்தில் வைத்தார்.

கூட்டம் வந்தது. கல்லுக்கு வராத ஊர் புலிக்கு வந்தது. அந்தத் தெம்பில் 1855-ல் வளாகத்துக்குள்ளேயே ஒரு மிருகக்காட்சி சாலை தொடங்கி, கர்நாடக நவாபிடம் (ஆற்காட்டு நவாப்தான்) பேசி அவர் வளர்த்த மிருகங்களையும் வாங்கிப் போட்டு, அது பெருத்து, 1863-ல் நகராட்சி கைக்கு மாறிப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985-ல்தான் வண்டலூர்.

அருங்காட்சியக வேலையில் காட்சி என்று ஒன்று இருக்கிறது, நிகழ்ச்சி என்று ஒன்று இருக்கிறது. பெட்டி, விளக்கு, பெயர்ச்சீட்டு, கூடம், இதெல்லாம் காட்சி. அதைச் சுற்றி மனிதர்கள் செய்வதெல்லாம் நிகழ்ச்சி: கூட அழைத்துப்போய்ச் சொல்வது, பட்டறை, சொற்பொழிவு, பள்ளிக்கூடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது, ராத்திரியில் திறந்து வைப்பது. பணமும் திறப்பு விழாவும் எப்போதும் முதலாவதற்குப் போகும். ஊரை உள்ளே கொண்டுவருவது இரண்டாவது. இது என் கட்சி. சென்னையில் அந்தக் கட்சியின் முதல் உறுப்பினர் அந்தப் புலி.

ஆனால் புலியைப் பார்க்க வந்தவன் பக்கத்து அறையில் இருந்த கல்லைப் பார்த்தானா? பார்த்திருக்க மாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியே ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து மறுபடி புலிக்கூண்டுக்குப் போயிருப்பான். இன்றைக்கு அருங்காட்சியகத்தில் செல்ஃபி முனை, ஒளிக்காட்சி, டைனோசர் பொம்மை என்று வைப்பவர்கள் எல்லோருக்கும் இதே தலைவலிதான். ஆளைக் கொண்டுவந்துவிடலாம். வந்தவரைப் பொருளோடு பேச வைப்பது வேறு வித்தை.

சரி, நிரந்தரக் கூடங்கள் ஏன் அவ்வளவு மெதுவாக மாறுகின்றன? சோம்பேறித்தனம் என்று எல்லோரும் சொல்கிறோம், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் பாதி காரணம் பொருளின் உடம்பு. துணி, ஓவியம், பறவையின் இறகு எல்லாம் வெளிச்சத்தில் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. மண்ணுக்கடியில் பல நூற்றாண்டு கிடந்த செப்புத் திருமேனிக்குள் மண்ணின் உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்து ஈரக்காற்றில் வைத்தால் வெளிர்பச்சையாக மாவு பூத்து உதிர ஆரம்பிக்கும், இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் இது சும்மா விடுகிற நோய் இல்லை. எழும்பூரில் 1930 வாக்கிலேயே இதற்காக ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள், எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்சாரத்தைச் செலுத்தித் திருமேனிகளின் நோயைத் தீர்க்கும் வேலையை அங்கே செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்கள் எப்படி வரையப்பட்டன என்று ஆராய்ந்தவரும் அவர்தான். அழுக்கேறிய ஒரு சாமி தொட்டிக்குள் இறங்கி, மெல்ல மெல்லப் பச்சை கரைந்து, முகம் வெளியே வருவதைவிட ஒரு நல்ல காட்சி அந்த வளாகத்தில் வேறு இருக்க முடியாது. எந்த அருங்காட்சியகத்திலும் இந்த மாதிரி வேலை பெரும்பாலும் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது. கதவில் ஒரு கண்ணாடி வைத்தால் போதும் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். இதற்கு அப்புறம் வருகிறேன்.

செப்புத் திருமேனிக் கூடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு தடவை அங்கே ஒரு பாட்டியைப் பார்த்தேன். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டே போனார். பெயர்ச்சீட்டில் ஊர், நூற்றாண்டு எல்லாம் இருந்தது, அவர் அதன் பக்கமே திரும்பவில்லை. ஒரு அம்மன் முன்னால் நின்று, “பாவம், ஒரு பூகூட இல்லாம நிக்கறா” என்றார். நான் அருங்காட்சியகங்களைப் பற்றி வாசித்த எத்தனையோ பக்கங்களில் இல்லாத விமர்சனம் அது. இந்தத் திருமேனிகள் உற்சவ மூர்த்திகள். பட்டு கட்டி, மாலை சாத்தி, நகை பூட்டி, தோளில் தூக்கி வீதியில் ஆடி ஆடி வருவதற்காக வார்த்தவை, கோயிலில் நமக்கு முகமும் அபய ஹஸ்தமும்தான் தெரியும். கூடத்தில் ஸ்தபதி வடித்த இடுப்பும் முதுகும் முழுசாகத் தெரிகிறது, அது பெரிய லாபம். ஆனால் அசைவு போய்விட்டது. நாயனமும் தீவட்டியும் போய்விட்டது. அந்தப் பாட்டிக்குத் தெரிந்த பாதியையும் அந்தப் பெயர்ச்சீட்டுக்குத் தெரிந்த பாதியையும் ஒரே மேடையில் உட்கார வைத்தால் அதுதான் நல்ல நிகழ்ச்சி. ஒரு ஸ்தபதி வந்து மெழுகில் ஒரு விரலைப் பிடித்துக்காட்டட்டும், சாமியைத் தோளில் தூக்கும் ஒரு சீர்பாதம் தாங்கி வந்து தோளில் தண்டு எங்கே அழுத்தும் என்று சொல்லட்டும். திருமேனியின் பீடத்தில் ஏன் அந்த வளையங்கள் இருக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கும்.

மக்களைப் பங்கெடுக்க வைப்பது என்றாலே நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. எட்கர் தர்ஸ்டன் 1885-ல் எழும்பூருக்குக் கண்காணிப்பாளராக வந்தார், 1908 வரை இருந்தார். கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-ல் 7 தொகுதிகள் வெளியிட்டவர். அவர் அருங்காட்சியகத்துக்குள் அளவெடுக்கும் கூடம் ஒன்று வைத்திருந்தார், வேடிக்கை பார்க்க வருகிறவர்களையே பிடித்து மண்டை அளவு, மூக்கின் நீள அகலம் எல்லாம் இடுக்கி மாதிரியான ஒரு கருவியால் அளப்பார். சிலருக்குக் காசும் கொடுத்தார். மூக்கை அளந்து சாதியை வரிசைப்படுத்தலாம் என்று நம்பிய காலம். பஞ்சு அடைத்த பறவையைப் பார்க்க வந்தவன் தானே காட்சிப்பொருளாகித் திரும்பிப் போயிருக்கிறான். இதுவும் ஒரு வகையில் பொதுமக்கள் பங்கேற்பு நிகழ்ச்சிதான். யார் கேள்வி கேட்கிறார், யாருடைய கேள்விக்கு யாருடைய உடம்பு பதில் சொல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதே தர்ஸ்டன்தான் மெரினாவில் மீன் காட்சியகம் வேண்டும் என்று முட்டி மோதியவர், அவர் ஓய்வு பெற்ற மறு வருஷம், 1909-ல், அது திறந்தது. சுமார் பத்து வருஷம் அருங்காட்சியகமே அதை நடத்தியது. மறுபடியும் உயிர்.

கொஞ்சம் கடல் தாண்டலாம். 1916-ல் பாஸ்டனில் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார், அருங்காட்சியகக் களைப்பு என்பது அதன் பொருள். கட்டுரையைவிட அதில் வரும் புகைப்படங்கள்தான் எனக்குப் பிடிக்கும். கோட்டு சூட்டு போட்ட ஒரு கனவான், பெட்டியின் அடித்தட்டில் இருக்கும் பொருளைப் பார்க்க முட்டி போட்டுக் குனிகிறார், இன்னொரு படத்தில் இடுப்பை ஒடித்துக் கழுத்தை நீட்டுகிறார், இன்னொன்றில் எக்கி நிற்கிறார். இந்தப் பொருளைப் பற்றி இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர் அதற்குப் பட்ட பாடுதான் அந்தப் படங்கள். நாம் மூன்றாவது கூடத்திலேயே “கால் வலிக்குது, போலாமா” என்று சொல்வது நம் தப்பு இல்லை, பெட்டியின் தப்பு என்று நூறு வருஷத்துக்கு முன்னாலேயே படம் பிடித்துக் காட்டிவிட்டார்கள். இன்றைக்கும் எத்தனை இடங்களில் பெயர்ச்சீட்டு நம் முழங்கால் உயரத்தில் இருக்கிறது! அதே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1907 முதலே பார்வையாளர்களோடு கூட நடந்து விளக்கிச் சொல்ல ஆட்களை வைத்தவரும் கில்மன்தான். பெட்டியைத் திருத்தக் காலமாகும், ஒரு ஆளை நிறுத்துவது உடனே முடியும்.

ஆளை நிறுத்துவதை ஒரு கலையாகவே ஆக்கியவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறார்கள். அணுகுண்டு ஓப்பன்ஹைமரைத் தெரியும், அவருடைய தம்பி ஃபிராங்கும் இயற்பியலாளர்தான். ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்பதற்காக 1949-ல் பல்கலைக்கழக வேலை போனது. எந்தப் பல்கலைக்கழகமும் சேர்க்கவில்லை, கொலராடோவில் பத்து வருஷம் போல மாடு மேய்த்தார். அப்புறம் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பழைய இரும்புக்கடைச் சாமான்களை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அந்த வாத்தியார் 1969-ல், 1915 கண்காட்சிக்காகக் கட்டிய பெரிய மண்டபம் ஒன்றில் எக்ஸ்ப்ளோரடோரியத்தைத் தொடங்கினார். கலையும் அறிவியலும் கலந்த அருங்காட்சியகம். விழா எதுவும் கிடையாது, கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். அருங்காட்சியகத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்பது அவர் அடிக்கடி சொன்னது.

அங்கே மூன்று விஷயங்கள் வித்தியாசம். காட்சிப்பொருள் செய்யும் பட்டறையே பார்வையாளர் கண்முன்னால் இருந்தது, தச்சு வேலையும் பற்றவைப்பும் அதுபாட்டுக்கு நடக்கும், செய்து முடித்ததைப் பக்கத்தில் தூக்கி வைப்பார்கள், ஜனங்கள் அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்து மறுபடி மாற்றுவார்கள். நான் சொன்ன கண்ணாடிக் கதவு இதுதான். ரெண்டாவது, 1974 முதல் கலைஞர்களை உள்ளேயே வைத்து வேலை செய்யச் சொன்னார்கள். பாப் மில்லர் செய்த சூரிய ஓவியம் என்று ஒன்று உண்டு, கூரையிலிருந்து வரும் வெயிலைக் கண்ணாடிகளாலும் பட்டகங்களாலும் உடைத்து ஒரு திரையில் வண்ணமாகக் கொட்டுவது, நாம் குறுக்கே நின்றால் நம் நிழலும் ஓவியத்தில் சேரும். இது கலையா, ஒளியியல் பாடமா? யாரும் கேட்பதில்லை. (1971-ல் வந்த இருட்டுக் கூண்டு ஒன்றும் பிரபலம், கும்மிருட்டில் தடவித் தடவித் தவழ்ந்து போகவேண்டும். அதை வடிவமைத்த ஆகஸ்ட் கொப்போலா நடிகர் நிக்கோலஸ் கேஜின் அப்பா, சும்மா ஒரு தகவலுக்கு.)

மூன்றாவதுதான் முக்கியம். அங்கே விளக்கிச் சொல்கிறவர்கள் பேராசிரியர்கள் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். பதினாறு பதினேழு வயசு. சம்பளம் உண்டு. அவர்கள் செய்து காட்டுவதில் பேர்போனது மாட்டுக்கண் அறுவை. கசாப்பு இடத்திலிருந்து வந்த மாட்டுக்கண்ணைத் தட்டில் வைத்து, சுற்றியிருக்கும் கொழுப்பைச் சீவி, வெள்ளை முழியில் கத்தியை அழுத்துவார்கள். முழி லேசில் வெட்டுப்படாது, ரப்பர் மாதிரி நழுவும். வெட்டுப்பட்டதும் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் வரும், “ஐயே” என்று பின்னால் நிற்பவர்கள் ஒரு அடி நகர்வார்கள், குழந்தைகள் ஒரு அடி முன்னால் வருவார்கள். உள்ளேயிருந்து கூழ் மாதிரி ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். அதற்குள்ளிருந்து கோலிக்குண்டு போல ஒரு உருண்டை, அதுதான் லென்ஸ். அதை நாளிதழ் மேல் வைத்தால் அடியில் இருக்கும் எழுத்து பெரிதாகத் தெரியும். செத்த கண், ஆனால் எழுத்து தெரிகிறது. அப்புறம் கிண்ணம் போல மீந்திருக்கும் பின்பக்கத்தைத் திருப்பினால் உள்ளே மயில் கழுத்து நிறத்தில் ஒரு பளபளப்பு, ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில் மாட்டுக்கண் மின்னுவது இதனால்தான். அதன்மேல் ஈரத்துணி மாதிரி சுருங்கிக் கிடக்கும் மெல்லிய தோல்தான் விழித்திரை, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளியில் நரம்பு வெளியேறுகிறது, அங்கே பார்வை கிடையாது.

இதைச் சொல்லும் பையனோ பெண்ணோ எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தவர் இல்லை. அதுதான் உத்தி. “தெரியல, வெட்டிப் பார்ப்போமா?” என்று சொல்லக்கூடிய ஆள்தான் வேண்டும். வந்தவருக்கும் பயம் விட்டுப்போகும். போதாததற்கு அந்தப் பிள்ளைகளே அடுத்த வருஷம் தங்கள் தெருவையும் வீட்டையும் அழைத்துவரும் ஆட்கள். 2013-ல் அந்த அருங்காட்சியகம் துறைமுகத்தில் 15-ஆம் எண் படகுத்துறைக்கு மாறிவிட்டது, மாட்டுக்கண் கூடவே போனது.

புலி, மாட்டுக்கண், இனி எலி. வாஷிங்டனில் அனகோஸ்டியா என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பகுதி, பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த இடம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்மித்சோனியனின் பிரம்மாண்டமான அருங்காட்சியகங்கள் வரிசையாக இருந்தும் அங்கிருந்து யாரும் வருவதில்லை. நிறுவனத்தின் தலைவர் டில்லன் ரிப்ளி, அப்படியானால் நாம் போவோம் என்று, மூடிக்கிடந்த கார்வர் என்ற சினிமாக் கொட்டகையை எடுத்து 1967 செப்டம்பரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்தார். இயக்குநராக வந்தவர் ஜான் கினார்ட், இளைஞர், அருங்காட்சியக வேலை தெரியாதவர், ஆனால் அந்த ஊர்க்காரர். பெரிய அருங்காட்சியகத்தின் சின்னக் கிளை, கொஞ்சம் பொருள் இரவல் கொடுத்தால் போதும் என்பதுதான் மேலிடத்தின் முதல் எண்ணம். ஊர் சும்மா இருக்கவில்லை, எங்கள் விஷயத்தைக் காட்டு என்றது. உங்கள் விஷயம் என்ன? எலி.

1969-ல் எலிக் கண்காட்சி நடந்தது. மனிதன் தானே கூப்பிட்டு வைத்துக்கொண்ட தொல்லை என்ற அர்த்தத்தில் பெயர். உயிருள்ள எலிகளையே கொண்டுவந்து வைத்தார்கள். எலி எப்படிப் பெருகுகிறது, எங்கே கூடு கட்டுகிறது, கடித்தால் என்ன ஆகும், குப்பை அள்ளாத தெருவுக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம், எல்லாம் இருந்தது. நினைத்துப் பாருங்கள், உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் வைரத்தையும் மம்மியையும் காட்டிக்கொண்டிருக்கும்போது இவர்கள் எலியைக் காட்டினார்கள். அறிவியல் கண்காட்சிதான், விலங்கியல்தான், ஆனால் நகராட்சி மேல் வைத்த புகாரும்கூட. பால்ஃபரின் புலி ஊரை வரவழைக்க அதிகாரி போட்ட தூண்டில். இந்த எலியை ஊரே கொண்டுவந்தது. பின்னாடி சிறை, போதை மருந்து என்று அந்தத் தெருக்கள் நேரில் பார்த்த விஷயங்களையே அவர்கள் கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். சமூக அருங்காட்சியகம் என்ற சொல் இன்றைக்கு எல்லா அறிக்கையிலும் வருகிறது, 2022-ல் ப்ராக் நகரில் சர்வதேச அருங்காட்சியகக் கழகம் ஏற்ற புது வரையறையில்கூடச் சமூகங்களின் பங்கேற்பு இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு உடம்பு எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் எலியைத்தான் காட்டுவேன்.

நம்மிடம் இது இல்லாமல் இல்லை. கல்கத்தாவில் 1959-ல் திறந்த பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965-லேயே கண்காட்சியைப் பேருந்தில் ஏற்றிக் கிராமப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டது. பின்னாளில் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுவின் பேருந்துகள் நாடு முழுக்கப் போயின. கோட்டூர்புரத்தில் 1988-ல் திறந்த கோளரங்கத்தில் இருட்டு கவிந்து நட்சத்திரம் தெரியும் அந்த நொடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் “ஓ” சத்தத்துக்காகவே நான் ஒரு தடவை டிக்கெட் எடுத்தேன், தப்பாகச் சொல்லவில்லை, நட்சத்திரத்தைவிட அது நன்றாக இருந்தது. ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டிப் பெர்லினுக்குக் கொண்டுபோனார், அலெக்சாண்டர் ரீ தோண்டியது எழும்பூருக்கு வந்தது, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மூதாதையின் தாழியைப் பார்க்க நூறு வருஷத்துக்கு மேல் ரயில் ஏறவேண்டியிருந்தது. 2023-ல்தான் தோண்டிய குழிமேலேயே கண்ணாடி போட்டு, நடந்து பார்க்கிற மாதிரி செய்தார்கள். காலுக்குக் கீழே தாழி. இந்த ஒரு கண்ணாடித் தளம் பத்துப் பெயர்ச்சீட்டு செய்யாததைச் செய்கிறது.

ஆனால் நம் ஊர் அருங்காட்சியக நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் என்ன? மே 18 அருங்காட்சியக தினம், ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி, வினாடி வினா, சான்றிதழ், ஒரு டிபன் பாக்ஸ் பரிசு. நான் கேலி செய்யவில்லை, அந்த டிபன் பாக்ஸ் ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் ஓவியப் போட்டியில் ஒரு விசித்திரம் கவனித்தேன். கூடத்தின் தரையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, சுற்றியிருக்கும் பொருள்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேசியக்கொடியும் மரம் நடுதலும் வரைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பறவை, அலகு எவ்வளவு நீளம் என்று யாராவது பார்க்க மாட்டார்களா என்று நிற்கிறது. போட்டியின் தலைப்பை மட்டும் மாற்றினால் போதும்: ‘இந்தக் கூடத்தில் உள்ள ஒன்றைப் பத்து நிமிடம் பார், அப்புறம் வரை’. செலவு ஒரு பைசா இல்லை.

பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் ஒரு சரளைக் குழியில் எடுத்த கற்கருவி ஒன்றுதான் இந்தியாவின் கற்காலக் கதையையே தொடங்கிவைத்தது. அவருடைய சேகரிப்பை 1904-ல் அரசு விலைக்கு வாங்கி எழும்பூரில் வைத்தது. பல்லாவரம் சந்தைக்கு வாராவாரம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தக் கல்லைப் போலவே ஒரு நகல் செய்து, வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய மிக்சிக்கும் கோழிக்குஞ்சுக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டு, ஒரு கல்லூரிப் பிள்ளையை உட்கார வைத்து, “இது இங்க கிடைச்சது, கையில பிடிச்சுப் பாருங்க” என்று சொன்னால்? வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வேறு, ஆள் கிடைப்பார்கள். (அது விடுமுறை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்த நாள் வெள்ளிக்கிழமை.)

ரெண்டாம் தடவை சரியான நாளில் போனோம். திமிங்கில எலும்புக்கூட்டுக்கு அடியில் நின்று அவள் கேட்டாள், “இவ்ளோ பெருசு, அந்தக் கதவு வழியா எப்படிப்பா உள்ள வந்தது?” எனக்குத் தெரியவில்லை. பெயர்ச்சீட்டைப் பார்த்தேன், அதில் இருந்தது விலங்கின் பெயர். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலர், அதுவரை “தொடாதீங்க, தொடாதீங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார்.

“முழுசா எங்க பாப்பா வரும்? ஒவ்வொரு எலும்பா கொண்டாந்து இங்க வெச்சுக் கோத்திருப்பாங்க. பாரு, கம்பி தெரியுதா? இங்கேருந்து எண்ணு.”

அவள் எண்ண ஆரம்பித்தாள். இருபதைத் தாண்டியதும் தப்பிவிட்டது. அவரும் கூடவே விரலால் காட்டிக்கொண்டு முதலிலிருந்து எண்ணினார். பின்னால் வந்த ஒரு குடும்பமும் நின்று எண்ணத் தொடங்கியது.